படலையடியில் இரண்டு நிமிடம்

காலை ஏழே முக்கால். தின்னவேலிச் சந்தையடியில் மரக்கறி இறக்கும் லான்ட்மாஸ்டர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கு விரையும் சைக்கிள்களுக்கும் நடுவே ஒரு சின்னப் போக்குவரத்து நடக்கிறது. மோட்டார் சைக்கிளின் முன்புறம், தகப்பனின் இரு கைகளுக்கும் இடையில், கழுத்தில் தண்ணீர்ப் போத்தல் தொங்க ஒரு பிள்ளை. அம்மப்பாவின் பழைய சைக்கிள் பாரில் பூட்டிய குட்டி இருக்கையில் இன்னொன்று. பைகள் வெளியே தொங்கும் ஓட்டோ ஒன்றில் ஐந்தாறு பேர், நித்திரை முறியாத முகங்களோடு. எல்லோரும் ஏதோ ஒரு படலையை நோக்கிப் போகிறார்கள்.

பத்திரங்களில் இந்த ஊர் திருநெல்வேலி. ஊர் வாயில் தின்னவேலி. யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள், பலாலி வீதியின் இரு மருங்கிலும் கிடக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடக்கிய பரமேஸ்வராக் கல்லூரி நின்ற வளவில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் திறந்தது. அது வந்தபின் ஊரின் நடையே மாறிற்று. விரிவுரையாளர்கள், எழுதுவினைஞர்கள், வங்கிக்காரர், தாதியர், ஆசிரியைகள் என்று மாதச் சம்பளத்துக்குப் போகும் பெண்கள் செறிந்து வாழும் இடங்களில் ஒன்றாயிற்று. அவர்களின் மூன்று வயதுப் பிள்ளைகளும், ஒன்றரை வயதுப் பிள்ளைகளும் பகலில் யாருடைய கையில் இருக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே ஒவ்வொரு காலையும் எழுகிறது.

படலையடியில் நடப்பது அநேகமாக இதுதான். தாய் ஸ்கூட்டியை நிறுத்தாமலே சொல்கிறாள்: "ரீச்சர், இரவு முழுக்க இருமல். கஞ்சி மட்டும்தான் குடிச்சவன். வெயிலுக்க விடாதேங்கோ." உள்ளிருந்து பதில் வருகிறது: "ஓம் அம்மா, நான் பாக்கிறன். நீங்க யோசிக்காமல் போங்கோ." பிள்ளை கை மாறுகிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை.

பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கும் குடும்பத்துக்கும் இடையிலான உறவைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசப்படுவது எல்லாம் கடைசியில் இந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்து அடங்கவேண்டியிருக்கிறது. இரவு இருமினான் என்ற செய்தி உள்ளே போகிறதா? கஞ்சி மட்டும் குடித்தவன் பத்து மணிக்குச் சிணுங்கினால் அது பசியா பிடிவாதமா என்று பிரித்தறிய அந்தச் செய்தி உதவுகிறதா? பின்னேரம் அதே படலையில் ஒரு செய்தி வெளியே வருகிறதா? இந்த மூன்றும் நடந்தால் பிள்ளையின் நாள் ஒன்றாக இருக்கிறது. நடக்காவிட்டால், ஒரே பிள்ளை ஒன்றையொன்று அறியாத இரண்டு வீடுகளில் மாறி மாறி வாழ்கிறது.

முந்தைய தலைமுறைக்கு இந்தச் செய்தியைக் கொண்டு போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தவர்கள் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, பக்கத்து வளவு மாமி. வேலிப் பொட்டுக்குள்ளால் பிள்ளை அங்கே போகும், செய்தியும் அந்தப் பொட்டுக்குள்ளாலேயே திரும்பி வரும். முதற்பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை சொரிந்த அதே கைகள்தான் பிள்ளைக்குச் சோறும் குழைத்தன. அந்தக் கைகள் இன்று குறைந்துவிட்டன. கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதால் அதை விலக்கிப் பார்த்தால், யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். முப்பது ஆண்டுகளில் பிறந்தவர்களைக் கூட்டிப் பார்க்கவேண்டிய இடத்தில் ஒன்றரை இலட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் கடல்கடந்தவர்களும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பின் கண்ணால் பார்த்தால், பல வீடுகளில் அது அம்மம்மாவின் குறைவு. அவர் ரொறன்ரோவில் இன்னொரு மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த இடத்தை நிரப்பியது சம்பளத்துக்குப் பார்க்கும் ஒருவர். உறவுக்காரர் செய்த வேலையை அவர் செய்கிறார். உறவுக்காரருக்கு இயல்பாகக் கிடைத்த தகவலும் நம்பிக்கையும் மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு முன்னரே ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் பழக்கம் தமிழரிடம் இருந்தது. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, இன்னும் சில வாய்களில் உயிரோடிருக்கும் பேச்சு: கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்தெடுங்கள் வாத்தியார். அன்பாகத்தான் சொல்லப்பட்டது. ஆனால் அதன் பொருள் முழு ஒப்படைப்பு. இனி உங்கள் பாடு, நாங்கள் கேட்கமாட்டோம். மற்றது ஏடு தொடக்கல். விஜயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பியிருக்கும். பிள்ளை உறவுக்காரர் ஒருவரின் மடியில் இருக்கும். எழுத்தறிவிப்பவர் அதன் விரலைப் பிடித்து அரிசியில் இழுப்பார். மடி ஒருவருடையது, விரல் பிடிப்பவர் வேறொருவர், நடுவில் பிள்ளை. அழுதால் மடி அணைக்கும். விரல் வழுக்கினால் ஆசிரியர் மறுபடி பிடிப்பார். ஒரே நேரத்தில் இருவரும் அங்கே இருக்கிறார்கள். இந்தச் சடங்கை நாம் இன்னும் செய்கிறோம். ஆனால் மறுநாளிலிருந்து நடைமுறையில் தோல் உரிக்கும் ஒப்பந்தத்துக்கே திரும்பிவிடுகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முன்பள்ளிகளின் கதையைப் பார்த்தால், மடியும் விரலும் சேர்ந்திருந்த ஒரு வடிவம் இங்கே ஏற்கனவே உருவாகியிருந்தது புரியும். ஊருக்கு ஊர் வாசிகசாலையாகத் தொடங்கிய சனசமூக நிலையங்கள்தான் அதன் தாய்வீடு. பத்திரிகை வாசிக்கும் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, அல்லது கோவில் மடம், அல்லது மாதர் சங்கக் கட்டடம். அதே ஊரில் படித்துவிட்டு வேலையில்லாதிருந்த ஒரு பெண்பிள்ளை ஆசிரியை. நிர்வாகத்தில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் அயலவரும். சத்துணவுக்கு முறை வைத்துத் தாய்மார் இலைக்கஞ்சியோ கடலையோ கொண்டுவருவார்கள். ஆண்டுக்கொருமுறை விளையாட்டு விழா, கலைவிழா. சில இடங்களில் மாணவர் சந்தை நடக்கும். வீட்டு வளவில் காய்த்த முருங்கைக்காயையும் தேசிக்காயையும் பிள்ளைகள் பரப்பிவைத்து, தாய் தகப்பனுக்கே விலை சொல்லி விற்பார்கள். பத்து ரூபாவுக்குக் காய் வாங்கி இருபது ரூபா கொடுத்து மிச்சம் கேட்கும் தகப்பனும், மிச்சம் எண்ணத் தெரியாமல் ரீச்சரைப் பார்க்கும் பிள்ளையும், பக்கத்தில் வந்து விரல்விட்டு எண்ணிக் காட்டும் ரீச்சரும் ஒரே மேசைக்கு முன்னால் நிற்பார்கள்.

போர்க்காலத்திலும் இந்த வடிவம் முறியவில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது தின்னவேலியும் வெறுமையாயிற்று. 1996 இல் மக்கள் திரும்பி வந்து கிணறு இறைத்து, கூரை மேய்ந்து வாழத் தொடங்கியபோது, எழும்பிய பொதுக் காரியங்களில் பாலர் வகுப்பும் ஒன்று.

உலகத்தின் மிகப் பெயர்பெற்ற முன்பள்ளி மரபுகளில் இரண்டு, கிட்டத்தட்ட இதேபோன்ற மண்ணில்தான் வேர் விட்டன என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. மரியா மொன்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமாபுரியின் சான் லொரென்சோவில் திறந்த முதல் பிள்ளைகள் இல்லம், தொழிலாளர் குடியிருந்த ஒரு தொடர்மாடிக்குள்ளேயே இருந்தது. தாய்தகப்பன் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கிப் படிகளை உடைத்தன. திருத்தச் செலவை மிச்சம் பிடிக்கவே கட்டட நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்தது. ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்கவேண்டும் என்பது திட்டம். சுவரில் ஒட்டிய விதிகளில் ஒன்று, தாய்மார் கிழமைக்கு ஒருமுறையாவது ஆசிரியையிடம் வந்து பிள்ளையின் வீட்டு நிலைமையைச் சொல்லி, பள்ளியில் நடப்பதைக் கேட்டுப் போகவேண்டும் என்று சொன்னது. மொன்டிசோரி என்ற பெயர்ப்பலகை இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நூறு படலைகளில் தொங்குகிறது. மணிகளும் இளஞ்சிவப்புக் கோபுரமும் வாங்கப்படுகின்றன. அந்தக் கிழமைக்கொருமுறைச் சந்திப்பு மட்டும் எந்தப் பெட்டியிலும் வந்து சேரவில்லை.

மற்றது இத்தாலியின் ரெஜியோ எமிலியா. 1945 வசந்தத்தில், போர் முடிந்த நாட்களில், வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள் பின்வாங்கிய படையினர் விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் தங்கள் கையாலேயே பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டினார்கள். செய்தி கேட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லொரிஸ் மலகூசி, வாழ்நாள் முழுதும் அந்த வேலையிலேயே நின்றுவிட்டார். 1963 இல் நகரசபை முதல் முன்பள்ளியைத் தொடங்கியது. பள்ளியின் ஆட்சியில் பெற்றோருக்குள்ள இடம் இன்றும் அங்கே அடித்தளம். உலகெங்கும் இருந்து ஆட்கள் போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். போரிலிருந்து எழும்பிய ஊர், கையில் கிடைத்ததை வைத்துத் தன் பிள்ளைகளுக்குக் கூரை போட்டது என்றால் தின்னவேலிக்காரருக்கு அது வெளிநாட்டுக் கதையாகக் கேட்காது. வித்தியாசம் பின்னால் வந்தது. அங்கே நகரசபை அந்தப் பெற்றோருக்குப் பின்னால் வந்து நின்றது. ஆசிரியைக்குச் சம்பளம் கிடைத்தது.

இங்கே 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாணத்திடம் விட்டது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 இல்தான் நடந்தது. 2018 இல் அதன் காலம் முடிந்தபின் ஆளுநரின் கீழ் நிர்வாகம் ஓடுகிறது. இந்தச் சந்துகளுக்குள் முன்பள்ளி ஆசிரியை மாதச் சம்பளம் என்று சொல்லக்கூடிய எதையும் காணவில்லை. அவருக்குக் கிடைப்பது ஊக்குவிப்புக் கொடுப்பனவும் பெற்றோர் தரும் கட்டணத்தில் ஒரு பங்கும். 2020 இல் கொரோனாவுக்காகப் படலைகள் மூடியபோது கட்டணம் நின்றது, அதோடு அந்தப் பங்கும் நின்றது. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசை நின்ற நாட்களில் கட்டணம் கேட்கவே ஆசிரியைகளுக்கு மனம் வரவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டம் முன்பள்ளிக் காலை உணவுக்கான தொகையைப் பிள்ளைக்கு 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாகவும், ஆசிரியையின் மாதக் கொடுப்பனவை 1,000 ரூபாவாலும் உயர்த்தியது. உணவுக்குக் கூடியது நல்ல காரியம். ஆயிரம் ரூபா ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் சமையலுக்குக் காணும் என்பதைத் தின்னவேலிச் சந்தைக்குப் போகிறவர்கள் அறிவார்கள்.

சம்பளம் இல்லாத இடத்தில் உறவு எப்படி வளையும் என்பதற்கு வன்னியில் ஒரு கசப்பான எடுத்துக்காட்டு உண்டு. 2009 க்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகள் பலர், பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். மாகாணக் கொடுப்பனவைவிடப் பல மடங்கு சம்பளம். போரில் கணவரை இழந்து பிள்ளைகளோடு நின்ற பெண்கள் அதை ஏற்றதில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் படலைக்கு வரும் பெற்றோரின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். தன் பிள்ளையின் ரீச்சருக்குச் சம்பளம் தருவது பாதுகாப்புத் துறை. வீட்டில் நடப்பதை, காணாமற்போனவரைத் தேடும் அலைச்சலை, இரவில் பிள்ளை ஏன் திடுக்கிட்டு எழும்புகிறது என்பதை அந்தத் தாய் எவ்வளவு தூரம் ரீச்சரிடம் திறந்து சொல்வாள்? ஊராரும் ஆசிரியைகளும் சிவில் அமைப்புகளும் இதைப் பலமுறை எழுப்பியிருக்கிறார்கள். நம்பிக்கைக்குக் காசு மட்டும் போதாது, அந்தக் காசு எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதும் கணக்கில் வரும்.

மலையகத்தின் பிள்ளைக்காம்பரா வேறொரு பாடத்தைச் சொல்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் தாய் விடியற்காலையில் பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலையேறுவாள். பாலூட்ட இடையில் இறங்கி வருவாள். இலங்கையில் வேலைத்தளத்தோடு சேர்ந்த பிள்ளைப் பராமரிப்பு என்றால் நீண்ட காலம் அதுதான். ஆனால் அதைத் தொடக்கியது பிள்ளையின் தேவை இல்லை, கொழுந்தின் தேவை. தாய்க்கு அங்கே பேச இடமிருக்கவில்லை. ஆயம்மாவும் தோட்டத்தின் கூலியாளாகவே பார்க்கப்பட்டார். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992 க்குப் பின் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்ததும், காம்பராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். சுவரும் பெயரும் மாறிய வேகத்தில், தாயைக் கேட்டுச் செய்யும் பழக்கம் மாறியிருக்கிறதா என்பதைத்தான் ஒவ்வொரு நிலையத்திலும் போய்ப் பார்க்கவேண்டும்.

குடும்பத்தோடு கைகோத்து வேலை செய்யத் தெரியாத நாடு இது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படி ஏறுகிறார். ஊரில் அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு மிஸ் வருவார், தொப்புளைப் பார்ப்பார், பால் குடிக்கிறதா என்று கேட்பார், தாயின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். மாதாமாதம் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்து வளர்ச்சிக் கோட்டில் ஒரு புள்ளி வைப்பார். அந்தக் கோடு உள்ள பதிவேடு ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. அதில் நாம் கவனிக்கவேண்டியது, அது தாயின் கையில் இருக்கிறது என்பது. அலுமாரிக்குள், பிறப்புச் சான்றிதழோடு, பிளாஸ்ரிக் உறையில் பத்திரமாக. எழுதுவது உத்தியோகத்தர், வைத்திருப்பது தாய், இருவரும் சேர்ந்து வாசிப்பது ஒரே கோடு. கோடு கீழே இறங்கினால் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

இரண்டரை வயதில் பிள்ளை முன்பள்ளிப் படலையைத் தாண்டும்போது அந்தப் பதிவேடு பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பிள்ளை எத்தனை சொல் பேசுகிறது, எதற்குப் பயப்படுகிறது, யாரோடு விளையாடுகிறது என்பதெல்லாம் இனி ரீச்சரின் தலைக்குள் மட்டும். அதே வகையில் இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கொப்பி, நாளுக்கு இரண்டு வரி, தாயும் எழுத இடம் விட்டு, இங்கே பரவலாக வந்திருக்கவேண்டும். செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும்.

பின்னேரப் படலையில் தாய் கேட்பது எப்போதும் இரண்டு கேள்வி: "சாப்பிட்டவனோ? அழுதவனோ?" பதிலும் எப்போதும் ஒன்று: "நல்லா இருந்தவன்." அந்தப் பதிலில் பொய் இல்லை. அதில் ஒரு செய்தியும் இல்லை. "கத்தரிக்காயைத் துப்பினவன், வெண்டிக்காய் கேட்டு வாங்கினவன்; மற்றப் பிள்ளை விழுந்தபோது ஓடிப்போய்க் கை கொடுத்தவன்" என்று சொல்லும் ரீச்சர், தாய் காணாத எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு துண்டைத் திருப்பிக் கொடுக்கிறார். அன்றிரவு வீட்டில் வெண்டிக்காய் சமைக்கப்படும். விழுந்த பிள்ளையின் பெயர் சாப்பாட்டு நேரத்தில் பேசப்படும். ஆனால் இருபது பிள்ளைகளை ஒருவராகப் பார்த்தவர் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சொல்ல எதையாவது நினைவில் வைத்திருக்க இயலாது. ஆகவே ஒரு நிலையத்தைத் தெரிவுசெய்யும் பெற்றோர் வர்ணம் பூசிய சுவரைப் பார்ப்பதற்கு முன், ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்பது நல்லது.

ஓட்டோ இந்தக் கதையில் யாரும் எழுதாத பாத்திரம். வேலைக்குப் போகும் தாய்க்கு அது பெரும் உதவி. ஆனால் ஓட்டோவில் ஏறும் பிள்ளையின் தாயும் ரீச்சரும் ஒருவரையொருவர் மாதக்கணக்கில் காண்பதில்லை. கட்டணம், சீருடை, நாளைக்கு நிறப்பென்சில் கொண்டுவரவேண்டும் என்ற தகவல் எல்லாம் ஓட்டோ அண்ணாவின் வாய்வழி. பிள்ளை வழியில் சத்தியெடுத்ததும், எந்தச் சந்தியில் அழுகையை நிறுத்தும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். இன்று அந்த இடைவெளியை வட்ஸ்அப் குழு நிரப்ப முயல்கிறது. பொங்கல் விழாப் படங்கள் வரும், நாற்பது கும்பிடும் கைகள் பதிலாக விழும். நாற்பது பெற்றோர் பார்க்கும் இடத்தில், தன் பிள்ளை இன்னும் இரவில் படுக்கையை நனைக்கிறது என்று எந்தத் தாயும் எழுதமாட்டாள். அதைச் சொல்ல ஒரு முகம் வேண்டும், கொஞ்சம் தாழ்ந்த குரல் வேண்டும், படலையின் ஓரம் வேண்டும்.

முரண்பாடு இல்லாத உறவைத் தேடிப் பயனில்லை. தின்னவேலியில் மிகப் பெரிய முரண்பாடு எழுத்தைப் பற்றியது. "பக்கத்து நேர்சரியில ஏபிசிடி எழுதுதுகளாம், இங்க முழுநாளும் விளையாட்டுத்தானே ரீச்சர்?" என்று மூன்றரை வயதுப் பிள்ளையின் தகப்பன் கேட்பார். அவர் கண்ணில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை ஏற்கனவே தெரிகிறது. கல்வியைத் தவிர எல்லாமே எரிந்துபோன, பறிபோன ஒரு சமூகத்தில் அந்த அவசரத்துக்கு நியாயம் உண்டு; அதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். ரீச்சர் பயிற்சியில் கற்றதோ வேறு. விரல் தசை உறுதிப்படக் களிமண்ணும் மணலும் முதலில் வேண்டும், கதை கேட்டுக் கேட்டுத்தான் எழுத்துக்குப் பசி வரும் என்று அவருக்குத் தெரியும். பல நிலையங்களில் ரீச்சர் தோற்கிறார், பிள்ளைகள் வரிசையில் இருந்து எழுதுகின்றன. சில இடங்களில் ரீச்சர் பெற்றோரை ஒரு காலை உள்ளே அழைத்து உட்காரவைக்கிறார். மகன் புளியங்கொட்டையை ஐந்தைந்தாகக் குவிப்பதைத் தகப்பன் தரையில் இருந்து பார்த்தபின், விளையாட்டு என்ற சொல் அவருக்கு முன்போலக் கேட்பதில்லை.

அறிவுரை வீட்டிலிருந்தும் வரவேண்டும். இங்கிலாந்தில் 1997 இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, பெற்றோர் யார், என்ன படித்தார்கள், என்ன உத்தியோகம் என்பதைவிட, வீட்டில் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பதே கூடுதல் பலன் தருவதாகக் கண்டது. பாட்டுப் பாடுவது, கதை சொல்வது, சேர்ந்து படம் கீறுவது. அதே ஆய்வு நல்ல முன்பள்ளியின் பலனையும் உறுதிசெய்தது. யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கு எத்தனை நொடியும் எத்தனை தாலாட்டும் தெரியும் என்று முன்பள்ளி ஒருநாள் கேட்டுப் பார்த்தால், பாடத்திட்டத்தின் பாதி படலைக்கு வெளியே சைக்கிளோடு நிற்பது தெரியவரும். இந்தியக் கல்வியாளர்கள் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் மகாராட்டிரத்தின் போர்டியில் 1945 முதல் செய்தது அதுதான். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களின் முற்றத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்த கல்லும் இலையும் சிப்பியும் பாடப்பொருளாயின. முற்றத்துப் பள்ளி என்ற அந்தப் பொருளிலிருந்துதான் அங்கன்வாடி என்ற பெயர் வருகிறது.

படலைக்கு வெளியே போகாத செய்திகளும் உண்டு. 2004 கடற்கோளுக்குப் பின், இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, போரும் கடலும் செய்ததோடு வீட்டுக்குள் நடந்த வன்முறையையும் கேட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் ஏதோ ஒரு கொடுமையை அனுபவித்திருந்தார்கள்; தகப்பனின் குடியும் போரின் தாக்கமும் அதோடு தொடர்புற்றிருந்தன. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனியாளை மட்டும் நோகடிப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே நோகடிக்கிறது என்று வாழ்நாள் முழுதும் எழுதிவருகிறார். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள்தான் இன்றைய தாய்தகப்பன்மார். ரீச்சர் ஒரு தழும்பைக் கண்டால், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஆனால் அதே ஊரில் அதே குடும்பத்தோடு நாளையும் வாழவேண்டிய ரீச்சருக்கு அந்த அழைப்பு எளிதாக இராது. முன்கூட்டியே அந்தத் தாயோடு பத்து நல்ல வார்த்தை பேசியிருந்தால், பதினோராவது வார்த்தையைத் தாயே சொல்லக்கூடும்.

நோர்வேயில் இருக்கும் நம்மவர்களிடம் கேட்டால் வேறொரு வழக்கம் சொல்வார்கள். அங்கே பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கும்போது முதல் சில நாட்கள் தாயோ தகப்பனோ கூடவே உள்ளே இருக்கவேண்டும். முதல்நாள் ஒரு மணி நேரம், அடுத்தநாள் கொஞ்சம் கூட. பிள்ளை எப்படித் தூங்கவைக்கப்படும், எந்தச் சொல்லுக்கு அடங்கும் என்பதை ஊழியர் தாயிடம் பார்த்துக் கற்கிறார். ஒவ்வொரு நிலையத்துக்கும் பெற்றோர் அவை ஒன்று இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் முதல்நாள் வேறுமாதிரி. "நீங்க நிண்டால் அழுவான், ஒளிச்சுப் போங்கோ" என்று தாய் பின்கதவால் அனுப்பப்படுகிறாள். திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்கு அம்மா மாயமாகியிருப்பாள். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை கூட அழும், உண்மைதான். ஆனால் அழுகைக்குப் பின் அம்மா சொன்ன நேரத்துக்கு வருவாள் என்பதை அது இரண்டு கிழமையில் கற்றுக்கொள்ளும்.

கடைசியாக மணிக்கூட்டுக் கணக்கு. முன்பள்ளி பெரும்பாலும் மத்தியானத்தோடு முடிகிறது. அரச அலுவலகம் பின்னேரம் 4.15 வரை. இடையிலுள்ள நான்கு மணி நேரத்துக்குத்தான் பகல் பராமரிப்பு நிலையங்கள் தின்னவேலியின் ஒழுங்கைகளில் ஒவ்வொன்றாக எழும்புகின்றன. சில வீட்டு விறாந்தைகளில், சில மாடி அறைகளில். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள் பிரசவ விடுமுறை, அதன்பின் அரைச் சம்பளம், பின் சம்பளமில்லாமல். தனியார் துறையில் 84 நாளோடு சரி. மூன்று மாதக் கைக்குழந்தையும் இந்த விறாந்தைகளுக்கு வரத் தொடங்கியது அப்படித்தான்.

ஐந்து மணிக்குச் சற்று முன் ஒழுங்கை அமைதியாகிவிடும். ஒரு பிள்ளை மட்டும் படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்கூட்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்க்கும். வங்கியில் கணக்கு முடியப் பிந்தியிருக்கும். ரீச்சர் பிள்ளையின் தலையை இழுத்துவிட்டு, சப்பாத்துப் பட்டியைப் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிப் பையில் வைக்கிறார். மூடியில் நகப்பூச்சால் எழுதிய பெயர் பாதி அழிந்திருக்கிறது. தாய் வந்து மன்னிப்புக் கேட்கிறாள். "பரவாயில்லை அம்மா. இண்டைக்கு முதல்தரமா தனிய ஊஞ்சல் ஆடினவள். பாத்தனீங்களெண்டால் சிரிச்சிருப்பீங்கள்." தாய் என்ஜினை நிறுத்துகிறாள், இறங்குகிறாள், எந்தப் பக்கமாக ஆடினாள், விழப் பார்த்தாளா என்று கேட்கிறாள். ரீச்சர் கையால் காட்டிச் சொல்கிறார். பிறகு படலையைச் சாத்தி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, காலையில் தன் தாயிடம் விட்டுவந்த இரண்டு வயது மகனைத் தூக்கப் போகிறார்.